பெயரில்லாத கார்ட்டூன் போஸ்டர்: வாங்கலாமா, விடலாமா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4

1930-களின் தொடக்கத்தில் வந்த ஓர் அமெரிக்கக் கார்ட்டூன் போஸ்டர் என் கைக்கு வரும் போலிருக்கிறது. தொடரின் பெயர் மேலே பெரிதாக இருக்கிறது, நடுவில் பாத்திரங்கள், கீழே ஒரு சாண் உயரத்துக்கு வெறும் மஞ்சள் பட்டை. படத்தின் பெயர் எங்குமே இல்லை. பட்டையில் யாரோ மையால் எழுதியது பாதி அழிந்து கிடக்கிறது. கழுவி, துணி ஒட்டி, கறையே தெரியாமல் தருகிறேன் என்கிறார் விற்பவர். படப்பெயர் இல்லாதது போஸ்டரே இல்லை, காசைக் கரியாக்காதே என்கிறான் நண்பன். என்ன செய்யலாம்?

பிப்ரவரி 4, இரவு

வாங்குங்கள். கழுவ மட்டும் விடாதீர்கள்.

அந்த மஞ்சள் பட்டை அச்சகத்தார் மறந்துபோய் விட்ட இடம் இல்லை, வேண்டுமென்றே விட்டது. அப்போது ஒரு கார்ட்டூன் ஏழெட்டு நிமிடம் ஓடும். முழுநீளப் படத்துக்கு முன்னால் செய்திப்படம், நகைச்சுவைத் துண்டு, கார்ட்டூன் என்று வரிசையாகப் போடுவார்கள். நிகழ்ச்சி வாரத்துக்கு இரண்டு முறைகூட மாறும். ஏழு நிமிடப் படம் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கல்லில் வரைந்து, பல நிறத்தில் அச்சடித்து அனுப்பினால் யாருக்குக் கட்டுப்படியாகும்? அதனால் ஒரு தொடருக்கு ஒரே பொதுப் போஸ்டர். கீழே பட்டையை வெறுமையாக விட்டுவிடுவார்கள். இந்த வாரம் என்ன படமோ அதன் பெயரைத் தியேட்டர்க்காரரே எழுதிக்கொள்ள வேண்டும், அல்லது துண்டுத் தாளில் எழுதி மேலே ஒட்டிக்கொள்ள வேண்டும்.

உங்கள் நண்பரின் கணக்குப்படி பார்த்தால், இன்று கிடைத்திருப்பவற்றிலேயே மிகப் பழைய மிக்கி மவுஸ் போஸ்டர் என்று சொல்லப்படுவதும் போஸ்டர் இல்லை என்றாகிவிடும். 1928-ல், அப்போது மிக்கி படங்களை விநியோகித்த பாட் பவர்ஸின் செலிபிரிட்டி புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அதுவும் பொதுப் போஸ்டர்தான், படப்பெயர் கிடையாது. 2012-ல் டல்லாஸில் ஏலத்துக்கு வந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் போனது.

கார்ட்டூன் அந்தக் காலத்தில் தியேட்டரில் எந்த நிலையில் இருந்ததோ அதை அப்படியே காட்டுவது இந்த வகைப் போஸ்டர்தான். படப்பெயரோடு வந்தவை அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தினசரிப் பிழைப்பு நடந்தது இதை வைத்து.

பிப்ரவரி 5

மடிப்புக் கோடு இருக்கிறதே, அது குறையா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். குறையே இல்லை. அக்காலத்து ஒன் ஷீட், அதாவது வழக்கமான ஒற்றைத் தாள் போஸ்டர், 27க்கு 41 அங்குலம், மடித்துத்தான் அனுப்புவார்கள். இந்த வயதுத் தாளில் மடித்த சுவடே இல்லையென்றால்தான் நான் இரண்டாவது முறை பார்ப்பேன். மடிப்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் சின்ன ஓட்டை விழுந்திருக்கும், மை உதிர்ந்து வெள்ளைச் சிலுவை தெரியும். பயப்பட வேண்டாம். அந்தச் சிலுவை பாத்திரத்தின் முகத்திலேயே விழுந்திருந்தால் விலை குறையும், பேரம் பேசுங்கள்.

பிப்ரவரி 7

ஒரு நண்பர் மறுத்து எழுதியிருக்கிறார்: அனிமேஷனுக்கு வந்த முதல் போஸ்டரிலேயே படப்பெயர்கள் இருக்கின்றனவே, பெயரில்லாமல் இருப்பதுதான் இயல்பு என்று எப்படிச் சொல்லலாம் என்று.

நல்ல கேள்வி. அவர் சொல்வது பாரிஸில் 1892-ல் ஜூல் ஷெரே வரைந்த போஸ்டரை. எமில் ரேனோ என்ற பிரெஞ்சுக்காரர் தன் ஒளிநாடகங்களை, அதாவது திரையில் அசையும் வரைபடங்களை, அந்த ஆண்டு அக்டோபர் 28 அன்று கிரெவின் அருங்காட்சியகத்தில் காட்டத் தொடங்கினார். லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியதற்கு மூன்று ஆண்டுகள் முந்தி. ஒவ்வொரு படத்தையும் கையால் வண்ணம் தீட்டி, நீளப் பட்டையாகக் கோத்து, தானே முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினார். ஷெரே அப்போது பாரிஸ் சுவர்களையே ஆண்டுகொண்டிருந்தவர். அவரைக் கூப்பிட்டு வரையச் சொன்னார்கள் என்றால், அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் சீட்டு வாங்கினார்கள் என்று அர்த்தம். முழு நிகழ்ச்சியே அதுதான் என்னும்போது பெயர்களைப் போடாமல் எப்படி?

1914-ல் வின்சர் மெக்கே தன் கார்ட்டூன் டைனோசர் கெர்ட்டியோடு வந்தபோதும் அதே நிலைதான். அவர் ஏற்கெனவே நாளிதழ்ச் சித்திரக் கதைகளால் பேர் வாங்கியவர், மேடையேறி நின்று கெர்ட்டிக்குக் கட்டளை போட்டவர். தியேட்டர்களுக்குப் போன போஸ்டரில் அவர் பெயரும் கெர்ட்டி பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

அதாவது கார்ட்டூனே தனி நிகழ்ச்சியாக இருந்தவரை அதற்குப் பெயர் இருந்தது. வாராவாரம் வரும் இணைப்பாக மாறியதும் பெயர் போய், பாத்திரத்தின் முகம் மட்டும் மிஞ்சியது. பெயரோடு வந்ததா இல்லாமல் வந்ததா என்பதை வைத்தே ஒரு கார்ட்டூனுக்கு அன்று என்ன மதிப்பு இருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். நண்பர் காட்டிய உதாரணம் நான் சொன்னதற்கு வலுதான் சேர்க்கிறது.

பிப்ரவரி 7, கொஞ்ச நேரம் கழித்து

ரேனோவைப் பற்றி எழுதிவிட்டு எழுந்து போக மனம் வரவில்லை. 1900 வரை ஏறக்குறைய 12,800 காட்சிகள், 5 லட்சம் பேர் பார்த்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அப்புறம் சினிமா வந்து அவரை ஓரங்கட்டியது. மனம் உடைந்து, தன் கையால் தீட்டிய பட்டைகளில் பெரும்பாலானவற்றை செய்ன் ஆற்றில் எறிந்துவிட்டார். மிஞ்சியவை இரண்டுதான். ஷெரேயின் போஸ்டரில் அச்சாகியிருக்கும் பெயர்களில் ‘பாவம் பியரோ’வை மட்டும் இன்று பார்க்க முடியும். மற்றவை போஸ்டரில் பெயராக இருப்பதோடு சரி. போஸ்டர் சேர்ப்பது வீட்டுச் சுவரை அலங்கரிக்கும் வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

பிப்ரவரி 10

அசலா நகலா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். இப்போது இந்தக் கேள்விக்கு அவசரமும் கூடியிருக்கிறது. மிக்கியின் தொடக்கப் படங்கள் 2024 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் காப்புரிமை முடிந்து பொதுச்சொத்து ஆகிவிட்டன. அந்த உருவத்தை வைத்து யார் வேண்டுமானாலும் போஸ்டர் அடிக்கலாம், அதில் சட்டப்படி தப்பும் இல்லை. பழையது என்று சொல்லி விற்றால்தான் தப்பு.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எழுத்தைப் பாருங்கள். கல்லில் வரைந்து அச்சடிக்கும் கல்லச்சில் எழுத்து ஒரே மையில், விளிம்பு திடமாக நிற்கும். நிறம் மாறும் இடங்களில் மெழுகுக் கட்டியால் தேய்த்தது போன்ற ஒழுங்கில்லாத சொரசொரப்பு தெரியும். நகல் என்பது அசலின் புகைப்படத்தை அச்சடித்தது, அதனால் எழுத்தின் விளிம்புகூடப் புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும். சிவப்பு எழுத்துக்குள் மஞ்சள் புள்ளியும் ஊதாச் சிவப்புப் புள்ளியும் கலந்து கிடந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

ஆனால் படத்தில் புள்ளி தெரிந்த உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். 1930-களிலேயே ஆஃப்செட் என்ற இயந்திர அச்சில் அடித்த அசல்கள் உண்டு. அவற்றிலும் படத்தில் புள்ளி இருக்கும், எழுத்தில் இருக்காது. எழுத்தைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்து புற ஊதா விளக்கு. தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருட்களை 1950-ஐ ஒட்டித்தான் காகித ஆலைகள் பரவலாகச் சேர்க்க ஆரம்பித்தன. இருட்டறையில் விளக்கைக் காட்டும்போது தாள் நீலவெள்ளையாகப் பளிச்சென்று எரிந்தால் அது 1930 தாள் இல்லை. பின்னால் ஒட்டிய புதுத் துணியும் ஒளிரும். அதைப் பார்த்துக் குழம்பாமல் முன்பக்கத் தாளை மட்டும் கவனியுங்கள்.

கீழ் ஓரத்தில் ஆண்டும் எண்ணும் சாய்கோடு போட்டு அச்சாகியிருந்தால் அது நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் போட்ட எண். அந்த நிறுவனம் ஸ்டுடியோக்களின் போஸ்டர் விநியோகத்தை 1940-ஐ ஒட்டித்தான் கையில் எடுத்தது. 1930 என்று சொல்லி விற்கும் போஸ்டரில் அந்த எண் இருந்தால் அது பிற்கால மறுவெளியீடு. மறுவெளியீடு கேவலமில்லை, ஆனால் அதன் விலை வேறு.

பிப்ரவரி 11

கழுவக் கூடாது என்று ஒரே வரியில் சொல்லி முடித்தது போதவில்லை. பழைய செல்லோடேப் பின்னால் ஒட்டியிருந்தால், தாள் ஒடிந்து விழுகிற நிலையில் இருந்தால், கைதேர்ந்தவரிடம் கொடுத்தே ஆக வேண்டும். டேப்பின் பசை தாளுக்குள் இறங்கி முன்பக்கம் வரை பழுப்பாக ஊறும், அது தானாக நிற்காது. துணி ஒட்டுவதும் கெட்டதில்லை. நடுவில் அமிலமில்லாத மெல்லிய தாள் ஒன்றை வைத்து, கோதுமைப் பசையால் ஒட்டினால், வேண்டும்போது தண்ணீரில் நனைத்துப் பிரித்துவிடலாம். சூடு காட்டி ஒட்டும் பிளாஸ்டிக் பசைதான் ஆபத்து, அதைத் தாளுக்குச் சேதம் இல்லாமல் எடுப்பது அரிது.

நான் சொல்ல வந்தது இதுதான்: கிழிசலைச் சேர்க்கலாம், பட்டையைத் தொடக் கூடாது. மையால் எழுதியது நனைந்தால் கரைந்துவிடும். அந்த எழுத்தோடு எந்த வாரம், என்ன படம் என்ற தகவலும் போய்விடும். என்னிடம் இருந்த ஒரு லாபி கார்டின் (தியேட்டர் முகப்பில் வைக்கும் சின்ன விளம்பர அட்டை) பின்னால் தியேட்டர் முத்திரை இருந்தது. சரிசெய்யக் கொடுத்தேன், அழுக்கு என்று நினைத்து அதைச் சுத்தமாக எடுத்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். கார்டு இப்போது பளபளவென்று இருக்கிறது. எந்த ஊரில் ஓடியது என்பதைக் காட்ட ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 15

இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களிடம் பெயரில்லாதது ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருக்கிறது. போஸ்டர் இல்லை, நோட்டீஸ். அமெரிக்காவில் ஏதோ ஒரு சிற்றூர்த் தியேட்டர் கையில் கொடுத்து அனுப்பிய மெல்லிய தாள். பெரிய விலையில்லை. ஆனால் என் சேமிப்பில் நான் அதிகம் எடுத்துப் பார்ப்பது அதைத்தான்.

மேலே முழுநீளப் படத்தின் பெயர். கீழே சின்னதாக ‘செய்திகள்’, அதற்குப் பக்கத்தில் ‘மிக்கி மவுஸ்’. அவ்வளவுதான். எந்த மிக்கி படம் என்று சொல்லவில்லை, வருகிற கூட்டம் கேட்கவும் இல்லை போலிருக்கிறது. கிழமையும் தேதியும் இருக்கின்றன: வியாழன், டிசம்பர் 14. ஆண்டு இல்லை. அந்த வாரத்துக்கு மட்டும் அடித்த தாளில் ஆண்டு எதற்கு?

இங்கேதான் வேலை சுவையாக ஆரம்பிக்கிறது. பழைய நாட்காட்டியைப் பார்த்தால், மிக்கி பிறந்த பிறகு முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் டிசம்பர் 14 வியாழனாக வந்தது 1933-லும் 1939-லும் மட்டும்தான். இரண்டில் எது? மிக்கியின் கண்ணைப் பார்த்தேன். தொடக்ககால மிக்கியின் கண் முழுக் கறுப்பு. போஸ்டர்களிலும் நோட்டீஸ்களிலும் அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்தது போல வரைந்திருப்பார்கள். வெள்ளை விழியும் பாவையும் கொண்ட கண் 1939-ஐ ஒட்டி வந்தது, படத்தில் ‘தி பாய்ன்டர்’ அந்த ஆண்டுதான் வெளியானது. என் நோட்டீஸில் இருப்பது துண்டு வெட்டிய கறுப்புக் கண். ஆகவே 1933.

பிப்ரவரி 16

உடனே ஒருவர் பிடித்துக்கொண்டார்: சிற்றூர் அச்சகத்தில் பழைய அச்சுக்கட்டை கிடந்திருக்கும், 1939-லும் அதையே வைத்து அடித்திருப்பார்கள், கண்ணை நம்ப முடியாது.

முழுக்க உண்மை. அச்சுக்கட்டை தேயும்வரை ஓடும், புது மிக்கி வந்துவிட்டார் என்று யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். கண்ணை மட்டும் வைத்து நான் முடிவு செய்திருந்தால் அவர் கேட்டது சரிதான். இன்னொரு சான்று இருக்கிறது, நேற்று அதை எழுத வரும் முன் நேரமாகிவிட்டது.

நோட்டீஸின் வலது மூலையில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கழுகு. இறக்கை விரித்து, ஒரு காலில் பற்சக்கரத்தையும் மறு காலில் மின்னல் கீற்றுகளையும் பிடித்திருக்கிறது. கீழே ‘எங்கள் பங்கைச் செய்கிறோம்’ என்ற ஆங்கில வாசகம், லென்ஸ் இல்லாமல் படிக்க முடியாது. ரூஸ்வெல்ட் ஆட்சியில் பொருளாதாரச் சரிவைச் சமாளிக்க வந்த தேசிய மீட்பு நிர்வாகத்தின் நீலக் கழுகுச் சின்னம் அது. 1933 ஜூலையில் வெளியானது. கூலி, வேலைநேர விதிகளை ஏற்றுக்கொண்ட கடை, ஆலை, அச்சகம் எல்லாம் அதைப் பெருமையாகப் போட்டுக்கொண்டன. 1935 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது, கழுகும் போய்விட்டது. 1939-ல் அதைப் போட யாருக்கும் காரணமில்லை. நாட்காட்டி, கண், கழுகு மூன்றும் ஒரே ஆண்டில் வந்து நிற்கின்றன.

அந்தக் கழுகைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அது படமே இல்லை, தாளில் யாரும் கவனிக்காத மூலை. மூலைகளைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது அதனால்தான்.

பிப்ரவரி 16, பின்னிரவு

பெயர் இல்லாத விஷயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது எனக்கு வருத்தம் தருவது. பூனை ஃபீலிக்ஸ் 1919-ல் வந்தது. உலகம் முழுக்க அறிந்த முகம். போஸ்டர்களில் வரும் பெயர் ஸ்டுடியோ முதலாளி பாட் சல்லிவனுடையது. அந்தப் படங்களை இயக்கி வரைந்த ஆட்டோ மெஸ்மரின் பெயர் இல்லை. அவருக்கு உரிய அங்கீகாரம் வர பல பத்தாண்டுகள் ஆயின.

மிக்கியில் கொஞ்சம் பரவாயில்லை. ஆரம்பப் படங்களின் தலைப்பு அட்டையில் வால்ட் டிஸ்னியின் பெயருக்குக் கீழே அப் ஐவர்க்ஸின் பெயர் இருக்கும். அவர் 1930 தொடக்கத்தில் விலகிப் போனதும் அதுவும் மறைந்தது.

பிப்ரவரி 20

ஏன் இவ்வளவு அரிது, கோடிக்கணக்கானவர்கள் பார்த்த படங்கள்தானே என்று கேட்டிருக்கிறார் ஒரு புதியவர்.

போஸ்டர் தியேட்டரின் சொத்து கிடையாது. வாடகைக்கு வரும், அடுத்த ஊருக்குப் போக வேண்டும், கிழியும்வரை சுற்றும். சுவரில் பசை போட்டு ஒட்டியது சுவரோடு போயிற்று. மிஞ்சியவற்றில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போர்க்காலப் பழைய காகிதச் சேகரிப்பில் கூழாயிற்று. முழுநீளப் படத்தின் போஸ்டரையாவது நட்சத்திரத்துக்காக யாரேனும் ஒளித்து வைத்திருப்பார்கள். ஏழு நிமிடக் கார்ட்டூனுக்கு யார் வைப்பார்கள்? டிஸ்னி மிக்கிக்கு முன் எடுத்த ஆலிஸ் தொடரில் 1924-ல் வந்த ‘ஆலிஸின் கடல் நாள்’ போஸ்டர் ஒன்று 1994-ல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 23,100 பவுண்டுக்குப் போனது, கார்ட்டூன் போஸ்டருக்கு அன்றைக்கு அது சாதனை விலை. தேவை மட்டும் அந்த விலையைத் தரவில்லை, அந்தத் தாள் தப்பிப் பிழைத்ததும் சேர்ந்துதான் தந்தது.

படங்களும் அப்படித்தான் தொலைந்தன. டிஸ்னி 1927-ல் யூனிவர்சலுக்காக உருவாக்கிய ஆஸ்வால்ட் முயல் படங்களில் பல இன்றும் கிடைக்கவில்லை. 2018-ல் ‘நெக் அண்ட் நெக்’ என்ற ஆஸ்வால்ட் படத்தின் ஒரு பகுதி ஜப்பானில் ஒரு வீட்டில் இருந்தது தெரியவந்தது. பள்ளி மாணவனாக இருந்தபோது ஒசாகாவில் ஒரு பொம்மை மொத்த வியாபாரியிடம் 500 யென்னுக்கு வாங்கி வைத்திருந்தவர், எழுபது ஆண்டு கழித்து அது என்னவென்று அறிந்தார். டப்பாவில் அதன் உண்மையான பெயர் இல்லை, மிக்கி என்று ஒட்டியிருந்தது. முயலுக்கு மிக்கி என்று பெயர் போட்டு விற்றிருக்கிறார்கள். படத்தின் பெயர் யாருக்கும் முக்கியமாக இல்லை, தெரிந்த பாத்திரத்தின் பெயர் போதும் என்ற நிலை பசிபிக் கடலைத் தாண்டியும் அப்படியே இருந்திருக்கிறது.

பிப்ரவரி 24

கேள்வி கேட்டவர் வாங்கிவிட்டார்! பட்டையின் படமும் அனுப்பியிருக்கிறார். மை மங்கியிருந்தாலும் நேரடியாகப் பார்ப்பதைவிடப் பக்கவாட்டில் விளக்கை வைத்துச் சாய்வாகப் பார்த்தால் பேனா அழுத்திய பள்ளம் தெரியும். அதை அவர் செய்து பார்த்து, இரண்டு சொற்களைப் படித்துவிட்டார். அதன் மேல் இன்னொரு கை, இன்னொரு மையில், வேறு ஒரு பெயரை எழுதியிருக்கிறதாம். ஒரே போஸ்டர் குறைந்தது இரண்டு படங்களுக்கு வேலை பார்த்திருக்கிறது. நான்கு மூலையிலும் ஊசிக் குத்து ஒன்றுக்கு மேல் இருப்பதும் அதோடு ஒத்துப்போகிறது.

இப்போது செய்ய வேண்டியது: கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டும் அவசரம் வேண்டாம். பட்டையை மட்டும் தனியாக, சாய்ந்த ஒளியில் இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒரு படம், புற ஊதா வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இரும்பு கலந்த மை என்றால் புற ஊதாவில் கறுப்பாகத் தெளிந்து வரும். பின்பக்கத்தையும் முழுதாக எடுங்கள், பென்சிலால் எழுதிய கிடங்கு எண் இருக்கலாம். அப்புறம் அமிலமில்லாத அட்டையில் வைத்து, பாலியெஸ்டர் உறைக்குள் கிடையாகப் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

படித்த அந்த இரண்டு சொற்களை இங்கே போடுங்கள். மேலே இருக்கும் பெயர் எது, அடியில் இருக்கும் பெயர் எது என்றும் குறிப்பிடுங்கள். அந்தத் தொடரின் வெளியீட்டு வரிசையோடு ஒப்பிட்டால் போஸ்டர் எந்தப் பருவத்தில் சுற்றியது என்று கண்டுபிடித்துவிடலாம்.